தாம்பரத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன்

தாம்பரத்தில் மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக, ஏழாவதாக வந்து நிற்கிற ஸ்டேஷன் பரங்கிமலை. ஏறிய இடத்துக்கு அருகில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓ.டி.ஏ. என்று ஊரார் சுருக்கிச் சொல்லும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1986 முதல் 1988 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய சுந்தர்ஜி அந்தக் கல்லூரியில் படித்தவர். 2014-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் காஷ்மீரத்துச் சோபியான் பகுதியில் உயிர் துறந்து அசோக சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் அதே கல்லூரியில் பத்திரிகைத் தொழில் பயின்றவர்; பிறகு பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006-ல் அதிகாரியானவர். ரயிலுக்கு அரைமணிக்குள் முடிந்துவிடுகிற இந்தப் பிரயாணம் ஒரு மாணவனுக்கு எத்தனை காலம் பிடிக்கிறது, வழியில் அவனிடம் எது கழிகிறது, எது சேர்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்கு வெகு நாட்களாக உண்டு.

ஆவல் தோன்றியது ஒரு கல்லூரி மைதானத்தில். ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இரவு பெய்த மழையின் ஈரம் புல்லில் அப்படியே இருக்க, பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில், தேசிய மாணவர் படையைச் சேர்ந்த அறுபது பிள்ளைகள் காக்கி உடையில் மூன்று வரிசையாக நின்றார்கள். அணிக்கு முன்னால் நின்றவன் மூன்றாம் வருஷத்து மாணவன். சீனியர் அண்டர் ஆபீஸர் என்ற பதவி அவனுக்கு. 'சாவ்தான்' என்று அவன் கூவியபோது மைதானத்துக்கு அப்பால் இருந்த வேப்பமரத்திலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன என்று நான் எழுதினால் அதில் ஒரு சொட்டுக்கூட மிகையில்லை. அப்பேர்ப்பட்ட குரல். இரண்டாவது வரிசையில் முதல் வருஷத்துப் பையன் ஒருவனுடைய பூட்ஸ் கயிறு அவிழ்ந்து தொங்கியதைக் கண்டுவிட்டு அந்தக் குரல் அவனைப் படுத்திய பாட்டையும், துப்பாக்கியை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவன் மைதானத்தை இரண்டு முறை சுற்றி வந்ததையும், சுற்றி வருவதற்குள் பூரிப் பொட்டலங்கள் விநியோகமாகி முடிந்துவிட்டதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இவன் கட்டாயம் பெரிய அதிகாரியாக வருவான்' என்று பக்கத்தில் நின்ற பேராசிரியரிடம் சொன்னேன். கல்லூரியில் பொருளாதாரம் போதிக்கும் அவர் மாணவர் படையில் கேப்டன் பதவி வகிப்பவர். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னார்.

மாணவனையும் சிப்பாயையும் ஒரே ஆளாக்கிப் பார்க்கும் யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1908-ல் இங்கிலாந்தில் யுத்த மந்திரி ஹால்டேன் சர்வகலாசாலைகளில் அதிகாரிப் பயிற்சிப் படைகளை ஏற்படுத்தினார். முதல் உலக மகாயுத்தத்தின் நெருக்கடியில் அதன் நிழல் இங்கேயும் விழுந்து, 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் மாணவர் படைப் பிரிவு ஒன்று தோன்றியது. வங்காளிப் பட்டாளத்தில் சேரப் போய்க் கண்பார்வை போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் அந்தப் பிரிவில் சேர்ந்து, முகாம் வாழ்க்கையை மிகுந்த உற்சாகத்தோடு அனுபவித்தார். அவர் பெயர் சுபாஷ் சந்திர போஸ். அணிவகுக்கக் கற்றுக் கொடுத்த சர்க்காருக்கு எதிராகவே பிற்காலத்தில் அவர் ஒரு சேனையை அணிவகுக்கச் செய்ததை நினைத்தால், கற்றுக் கொடுத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் நியமிக்கப்பட்ட கமிட்டியின் சிபாரிசுப்படி, 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தேசிய மாணவர் படை பிறந்தது. மறு வருஷமே பெண்கள் பிரிவும் சேர்ந்தது. சீனப் படையெடுப்பின் அதிர்ச்சியில் 1963-ல் கல்லூரி மாணவர் அனைவருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயம் என்று வந்துவிட்டால் எந்த நல்ல காரியத்துக்கும் நேரும் கதி இதற்கும் நேர்ந்தது. 1968-ல் விருப்பமுள்ளவர் சேர்ந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அதே 1968 ஜனவரியில், அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழகச் சட்டசபை நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் மாணவர் படையின் ஹிந்தி ஆணைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பதும் ஒரு ஷரத்து என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு மைதானத்தில் காக்கைகளைக் கிளப்பிய அந்தச் சொல், வீட்டில் ஒரு வார்த்தை ஹிந்தி பேசாத செங்கல்பட்டுப் பையன் வாயிலிருந்து வந்தது. 'சாவ்தான்' என்றால் விறைத்து நில், 'பீச்சே முட்' என்றால் பின்னால் திரும்பு என்று அவனுக்குத் தெரியும். அந்த மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

இந்தப் பயிற்சியில் மூன்று வருஷம் சிரத்தையாக இருந்து 'சி' சான்றிதழ் பெறுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. மற்ற பட்டதாரிகள் சாதாரணமாக மத்திய தேர்வாணையம் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தும் எழுத்துப் பரீட்சையில் தேறித்தான் பரங்கிமலைக்கு முயல வேண்டும். போதிய மதிப்பெண்ணோடு பட்டமும் 'பி' தரத்துக்குக் குறையாத அந்தச் சான்றிதழும் உடையவன், எழுத்துப் பரீட்சையைத் தாண்டி நேரே தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கலாம். தேர்வு வாரியம் என்பதைப் பிள்ளைகள் 'எஸ்.எஸ்.பி.' என்பார்கள். தரைப்படைக்கான வாரியங்கள் பெங்களூர், போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நம் பக்கத்துப் பையன்களில் அநேகர் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். இந்தப் பிரயாணத்தில் மிகச் சுவாரஸ்யமான கட்டம் அதுதான் என்பது என் அபிப்பிராயமாகையால், அங்கே சற்று அதிக நேரம் நிற்க வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிகளைப் பொறுக்கி எடுத்த விதம் வெகு சுலபமானது. மேஜைக்குப் பின்னால் ஒரு கர்னல் உட்கார்ந்து, தகப்பனார் என்ன செய்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று இரண்டு கேள்வி கேட்டு, ஆளை மேலும் கீழும் பார்த்து முடிவு செய்துவிடுவார். இப்படி வந்தவர்களில் ஏராளமானவர் பயிற்சியில் தேறாமல் திரும்பவே, 1942-ல் மனோதத்துவ வைத்தியர்களின் உதவியை நாடினார்கள். அவர்களில் ஒருவர் வில்பிரட் பியான். 1897-ல் நம் மதுராபுரியில், கண்ணன் பிறந்த ஊரிலேயே, பிறந்தவர். முதல் யுத்தத்தில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து வீர விருது பெற்றவர். அவர் கண்டுபிடித்த உபாயம், கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எட்டுப் பேரை ஓரிடத்தில் விட்டு ஒரு வேலையைக் கொடுப்பது. யார் தலைவன் என்று சொல்லாமல் விட்டுவிடுவது. பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. ஒருவன் தன் பெயர் விளங்க வேண்டுமென்று துடிக்கும்போதே கூட்டத்தின் வேலையும் நடக்க வேண்டியிருக்கிறதே, அந்த இரண்டில் எதன் பக்கம் அவன் சாய்கிறான் என்பதுதான் அவர் பார்க்க விரும்பியது. பியானுடைய அந்த முறைதான் யுத்த காலத்திலேயே இந்தியாவுக்கும் வந்து, இன்றும் ஜீவனோடு இருக்கிறது.

தேர்வு வாரியத்தில் முதல் நாளே பாதிக்கு மேல் வடிகட்டிவிடுகிறார்கள். மங்கலான படம் ஒன்றைச் சில விநாடி காட்டி, கதை எழுதச் சொல்லி, அந்தக் கதையைக் குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். அதில் எஞ்சியவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் எண் எழுதிய துணியைக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து பெயர் போய்விடுகிறது, எண்தான் அழைப்பு. மறுநாள் மனோதத்துவப் பரீட்சை: 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்கள் திரையில் தோன்றி மறையும்; ஒவ்வொன்றுக்கும் முதலில் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு அரைமணி நேரத்தில் 60 சந்தர்ப்பங்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். இவற்றோடு, படங்களைப் பார்த்து ஒன்றுக்கு நான்கு நிமிஷத்தில் ஒரு கதை. கடைசிப் படம் வெற்றுத் திரை. இதற்கெல்லாம் விடை சொல்லித்தரத் தனிப்பயிற்சி நிலையங்கள் இப்போது தெருவுக்கு ஒன்று முளைத்திருக்கின்றன. அவற்றின் உபயத்தால் வாரியத்துக்கு வருகிற கதைகளில் எல்லாம் ஒரு குழந்தை ஆற்றில் விழுகிறது, கதாநாயகன் ஷூவைக்கூடக் கழற்றாமல் குதிக்கிறான். நாள் முழுவதும் இந்தக் குழந்தைகளைக் கரையேற்றிக் களைத்த மனோதத்துவ அதிகாரிக்கு, எந்தக் குழந்தை நிஜமாகவே பையன் மனத்திலிருந்து வந்தது, எது நிலையத்திலிருந்து கட்டணத்தோடு வந்தது என்று தெரியாமலா போகும்?

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மைதானத்தில். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் ஒரு பலகை, ஒரு மரக்கம்பு, ஒரு கயிறு கொடுத்து, ஆற்றைப் போலப் பாவித்துக்கொள்ள வேண்டிய ஒரு பரப்பைக் காட்டி, சுமையோடு அக்கரை சேருங்கள் என்கிறார்கள். வெள்ளை பூசிய இடத்தில் கால் வைக்கலாம், பொருளையும் வைக்கலாம்; சிவப்பு பூசிய இடம் யாரும், எதுவும் தொடக்கூடாதது. பலகையின் நீளம் எப்போதும் தேவைக்கு அரை அடி குறைவாகவே இருக்கும் என்று போய்வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சத்தம் போடுகிறவன் ஒருவன், யோசனை சொல்கிறவன் ஒருவன், கயிற்று முடிச்சைச் சரியாகப் போடத் தெரிந்தும் சொல்லத் தயங்கி மூலையில் நிற்பவன் ஒருவன். தடித்த கண்ணாடியும் கையில் குறிப்புப் புத்தகமுமாக அதிகாரி வாய் திறக்காமல் நின்றுகொண்டிருப்பார். பலகை சரிந்து விழுந்தபோது யார் யாரைப் பார்த்தான் என்பதுகூட அவருக்கு ஒரு செய்தி.

இவற்றில் எல்லாம் என்னை மிகவும் கவர்ந்தது, தலைமைப் பணி என்ற சோதனை. ஒவ்வொருவனையும் முறையாகத் தலைவனாக்கி, அவன் தன் குழுவிலிருந்து இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். எண்ணைச் சொல்லி அவன் கூப்பிட, அந்த இருவரும் ஓடி வருவார்கள். பார்ப்பவர்கள் தலைவனைத்தான் அளக்கிறார்கள் என்று நினைப்போம். அதோடு நிற்பதில்லை: மூன்று நாள் கூடவே உண்டு, உறங்கி, பழகிய பிள்ளைகள் ஆளுக்கு ஆள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கே தானாகவே எழுதப்படுகிற ஒரு வாக்குச்சீட்டு. வாரியம் தேடுவதாகச் சொல்லும் அதிகாரிக்குரிய குணங்கள் பதினைந்து; அவற்றின் ஜாபிதா எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். இந்த வாக்குச்சீட்டைக் கையேட்டில் படித்து வாங்க முடியாது. நம் பள்ளியும் கல்லூரியும் பதினைந்து வருஷம் பிள்ளைகளைத் தனித்தனி மேஜையில் உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாமல் எழுது என்று பழக்கி வைத்திருக்கும்போது, அடுத்தவனுடைய நம்பிக்கையும் ஒரு மதிப்பெண் என்று அவர்கள் முதன் முதலாக அறிவது இந்த மைதானத்தில்தான் என்றால் அது அவர்கள் குற்றமல்ல.

தேறியவர்கள் வைத்தியப் பரிசோதனையும் தகுதிப் பட்டியலும் கடந்து பரங்கிமலைக்கு வந்து சேருகிறார்கள். 1932-ல் டேராடூனில் ராணுவக் கழகம் தோன்றியபோது முதல் அணியில் இருந்தவர் 40 பேர். அமிர்தசரஸில் கல்லூரி மாணவராக இருந்து பரீட்சை எழுதி வந்த சாம் மானேக்ஷா அவர்களில் ஒருவர். அந்த நாற்பதிலிருந்தே, பிற்காலத்தில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய மூன்று தேசங்களின் சேனைகளுக்கும் தலைவர்கள் வந்தார்கள். பரங்கிமலைக்கு அப்படிப்பட்ட ராஜரீக ஜாதகம் கிடையாது. அது ஒரு தோல்வியின் குழந்தை. 1962-ல் இமயத்தில் பட்ட அடிக்குப் பின் அதிகாரிகளின் பற்றாக்குறை கண்ணை உறுத்த, 1963-ல் சென்னையிலும் புனாவிலும் அவசரகாலப் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. புனாப் பள்ளி விரைவில் மூடப்பட்டது. சென்னைப் பள்ளி நிலைத்தது. 1965 முதல் குறுகியகாலப் பணிக்கு ஆள் பயிற்றி, 1988-ல் கழகம் என்ற பெயர் பெற்றது. இங்கே வருபவர்கள் பட்டதாரிகள். வாத்தியாராகவோ வக்கீலாகவோ கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தராகவோ ஆகியிருக்கக்கூடிய ஒருவரை 49 வாரத்தில் வேறு ஆளாக்கித் தரவேண்டிய பொறுப்பு இதன் தலையில்.

அந்த 49 வாரத்தில் நடப்பவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் கால அட்டவணை ஆகிவிடும். விடியுமுன் ஓட்டம், உடற்பயிற்சி, கவாத்து, ஆயுதம், வரைபடம், ராணுவச் சட்டம், யுத்த சரித்திரம், மூட்டை சுமந்து இரவு நடை. பயிற்சி பெறுபவர்களின் பாஷையில் 'ரகடா' என்று ஒரு பதம் உண்டு. தப்புச் செய்தவனை, பல சமயம் தப்பே செய்யாத அவனுடைய தோழர்கள் அனைவரையும் சேர்த்து, தரையில் உருட்டி எடுப்பது. ஒருவன் பொத்தானை மறந்தால் முப்பது பேர் உருளுகிறார்கள். அநியாயம் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இப்போதும் முழுச் சம்மதமில்லை. ஆனால் அங்கே பயின்று ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: 'இரண்டாவது மாதத்தில் என் பொத்தானை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன், ஸார், பக்கத்துக் கட்டில்காரன் பொத்தானைத்தான் முதலில் பார்ப்பேன்.'

1992-ல் இந்தக் கழகத்துக்குப் பெண்கள் வந்தார்கள். பிரியா ஜிங்கன் என்ற இளம்பெண், பெண்களை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை என்று அப்போதைய தலைமைத் தளபதி ராட்ரிக்ஸுக்கு நேரே கடிதம் எழுதியதும், அவரே முதல் அணியில் முதலாம் எண் பெற்றதும் பிரசித்தம். அந்த அணியின் 25 பேர் 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு 24 வாரப் பயிற்சிதான். பின்னாளில் ஆண்களுக்குச் சமமாக 49 வாரமாயிற்று. பெரும்பாலான பிரிவுகளில் நிரந்தரப் பணி என்ற உரிமைக்கு மட்டும் 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பயிற்சி முடிந்து அணிவகுக்கும் சதுக்கத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பம்பாயில் தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்து, தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரியில் பட்டம் பெற்று, இந்தப் பரங்கிமலையில் பயின்று 1972-ல் மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25-ந் தேதி, இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையில் இருந்தபோது, தேடுதல் முடிந்து இரவில் திரும்பும் வழியில் அவருடைய அணி தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, மூச்சு நிற்கும்வரை தம் ஆட்களுக்கு ஆணை கொடுத்துக்கொண்டிருந்தார். பரம வீர சக்கரம் அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. அந்த யுத்தத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு, எனக்கும் உண்டு, அங்கே இரு பக்கமும் விழுந்த இளைஞர்களை எண்ணும்போது நெஞ்சு கனக்காமல் இருப்பதில்லை. ஆயினும் கடைசி நிமிஷத்திலும் தன் காயத்தைப் பாராமல் தன் ஆட்களைப் பார்த்த அந்த மனோபாவம் எங்கே உண்டாயிற்று என்று யோசித்துக்கொண்டே அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒருமுறை நின்றிருக்கிறேன். அணிவகுப்பு முடிந்து, பெற்றோர் தம் பிள்ளையின் தோளில் நட்சத்திரங்களை மூடியிருந்த துணியை விலக்குகிற நேரம். கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், பிள்ளையின் தோளுக்குத் தன் கை எட்டாமல் நுனிக்காலில் நின்று தடுமாற, ஆறடி உயரப் பிள்ளை முழங்காலை மடக்கித் தாழ்ந்துகொடுத்தான். அவன் அப்படிக் குனிந்ததைப் பார்த்துக் கவாத்து ஆசான் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நம் சீனியர் அண்டர் ஆபீஸர் என்னவானான் என்று சொல்லவில்லையே. பெங்களூர் போனான், ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். மாம்பலத்தில் தற்செயலாகச் சந்தித்தபோது, காப்பிக் கடையில் உட்காரவைத்து விசாரித்தேன். கதை நன்றாக எழுதினானாம். நேர்முகத்தில் தடங்கலில்லையாம். 'தலைமைப் பணியில்தான் சார்...' என்று நிறுத்தினான். 'எங்க குரூப்புல எட்டுப் பேர். மத்த ஏழு பேரும் ஆளுக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டாங்க. என்னை ஒரே ஒருத்தன்தான் கூப்பிட்டான். அதுவும், இதுவரை கூப்பிடாத ஆளையும் கூப்பிடுன்னு அந்த ஆபீஸர் சொன்ன அப்புறம்.' டம்ளரைத் தபராவுக்குள் வைத்துத் திருகிக்கொண்டே வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான். காப்பி ஆறிப்போயிற்று.

இந்த மாசியில் மறுபடியும் அந்த மைதானத்துக்குப் போக நேர்ந்தது. படிப்பு முடிந்துவிட்ட அவன், சீருடையில்லாமல், சாதாரண பனியனும் கால்சட்டையுமாக, அணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். முன்னால் நின்று ஆணை கொடுத்தவன், அன்று பூட்ஸ் கயிறு அவிழ்ந்து சுற்றி வந்தானே, அந்தப் பையன். இப்போது இரண்டாம் வருஷம். 'சாவ்தான்' என்று அவன் கூவ, குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போயிற்று. வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் பழையவனைப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தான். பையன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கூவினான். அறுபது ஜோடிக் குதிகால்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

'மறுபடி பெங்களூர் எப்போது?' என்று கேட்டேன்.

'ஜூலையில சார்,' என்றான், அணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.